அன்று விழாத மலை

காஜா முகைதீன் பாய் காலமான செய்தி எனக்கு வாட்ஸ்அப்பில் வந்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாங்கள் எங்களுக்குள் வைத்திருக்கிற குழு அது. காலையில் ஒருவர் பூப்படம் போட்டு வணக்கம் சொல்வார். இன்னொருவர் முட்டுவலிக்குக் கைவைத்தியம் சொல்வார். நடுவில் யாராவது ஒருவருடைய சாவு வரும். அதற்குக் கீழே வரிசையாகக் கும்பிடு பொம்மைகள் வரும். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் முட்டுவலிக்கே போய்விடுவார்கள். அன்றைக்குப் பாயின் மருமகன் எழுதியிருந்தார். விடிகாலை பஜ்ருத் தொழுகைக்கு எழுந்து உட்கார்ந்த மாமா அப்படியே மவுத்தாகிவிட்டார்கள், சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு மேலப்பாளையத்தில் நல்லடக்கம் என்று இருந்தது.

உள்ளதைச் சொன்னால், எனக்கு முதலில் வந்தது துக்கம் இல்லை, அலுப்பு. சாவு வீடுகளுக்கு நடந்து நடந்து கால் ஓய்ந்துவிட்டது. சேரன்மகாதேவியிலிருந்து பஸ் பிடித்து, நின்றுகொண்டே போய், வெயிலில் நடந்து, எல்லாரிடமும் அதே நாலு வார்த்தையைச் சொல்லிவிட்டுத் திரும்ப வேண்டும். செல்லைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். என் வீட்டுக்காரி வந்து யார் என்று கேட்டாள். சொன்னேன். "வாழைமர பாயா?" என்றாள். அந்தப் பெயரைக் கேட்டதும்தான் எழுந்து சட்டையை மாட்டினேன்.

பாயை அறியாதவர்களுக்காக அந்தப் பெயரின் கதையைச் சொல்ல வேண்டும். அறிந்தவர்களுக்கும் சொல்ல வேண்டும். அவர்கள் அதில் பாதியைத்தான் சொல்லிச் சிரித்தார்கள்.

பாபநாசத்துக்கு மேலே மலையைக் குடைந்து தண்ணீர் போக ஒரு சுரங்கம் வெட்டினோம். செல்போன் வராத காலம். துளை போட்டு, மருந்து வைத்து வெடித்து, கல்லை அள்ளி முன்னேறுகிற வேலை என்னுடையது. அந்த வேலைக்கு ஒரே ஒரு கேள்விதான். இன்றைக்கு எத்தனை அடி போனாய்? பாய் பாறை படித்தவர். நாங்கள் வெட்டிக்கொண்டு போன பாதையை மலை என்ன செய்கிறது என்று பார்ப்பது அவருடைய வேலை. ஆக, நான் ஓடுகிறவன், அவர் நிறுத்துகிறவர். எங்களுக்குள் சண்டை வராத வாரம் இல்லை. சண்டை போட்டுவிட்டு ஒரே ஜீப்பில் ஊருக்கு இறங்குவோம்.

ஒல்லியான மனிதர். சட்டையை எப்போதும் முழுக்கையாகப் போட்டுப் பொத்தானைக் கழுத்து வரை மாட்டியிருப்பார். சுரங்கத்துக்குள் எல்லாரும் வியர்த்து வழியும்போதும் அப்படித்தான். யாரையும் அதட்டிப் பேச மாட்டார். வேலைமுறை முடிந்து ஆட்கள் வெளியே வரும்போது வாசலில் நின்று, "எல்லாரும் வெளிய வந்தாச்சா வே?" என்று என்னிடம் கேட்பார். தலைகள் கண் முன்னால்தான் நடந்து போகும். இருந்தும் கேட்பார். வந்தாச்சு என்று நான் வாயால் சொன்ன பிறகுதான் கடைசி ஆளாகத் தானும் வெளியே வந்து தலைக்கவசத்தைக் கழற்றுவார். எனக்கு எரிச்சலாக வரும்.

வந்த புதிதில் ஒருநாள், இவ்வளவு கெட்டியான பாறையில் என்னத்தைப் பார்க்கிறீர் என்று அவரிடம் சடைத்துக்கொண்டேன். தேநீரை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "மலை சும்மா நிக்குன்னு நெனைக்காதீரும். அது தன் பாரத்தைத் தானே சுமந்துக்கிட்டு நிக்கு. நாம நடுவுல போயி ஓட்டையப் போடுதோம். அங்கன இருந்த பாரம் எங்க போவும்? பக்கத்துப் பாறை மேல ஏறும். கூட்டமான பஸ்ஸுல நடுவுல நின்ன ஆளு எறங்கிட்டாம்னா, சுத்தி நிக்கவன்லாம் பைய உள்ள சாயுதாம்லா? அதுதான் வே."

கெட்டிப் பாறையைப் பற்றி அவருக்குப் பெரிய பயம் கிடையாது. பாரம் தாங்காவிட்டால் அது படீரென்று சத்தம் போடும், சில்லு தெறிக்கும், ஆட்கள் ஓடிவிடலாம். அவர் பயந்தது நொறுங்கிய பாறைக்கு. மலைக்குள் அங்கங்கே ஒரு பட்டை நெடுக அரைபட்டுப் போன பாறை ஓடும். அது சத்தமே போடாது. நாள்கணக்கில் பையப் பைய உள்ளே நெருங்கி வரும். ஒரு நேரம் மொத்தமாக உட்கார்ந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத அந்த நகர்வைப் பிடிக்கத்தான் அவர் கொக்கி வைத்திருந்தார்.

கொக்கி என்றால் பெரிய சங்கதி இல்லை. சுரங்கம் நெடுக அங்கங்கே இரண்டு பக்கச் சுவரிலும் நேருக்கு நேராகக் கம்பியை இறக்கிச் சிமென்ட் வைத்து, முனையில் ஒரு கொக்கி மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அரை இருட்டில், கை பழகின பழக்கத்தில் இரண்டு கொக்கிக்கும் நடுவே இரும்பு நாடாவை மாட்டி, எப்போதும் ஒரே இழுப்பில் இழுத்து அளப்பார். அளவு மாறாவிட்டால் மலை தாங்குகிறது. குறைந்துகொண்டே வந்தால் சுவர்கள் உள்ளே வருகின்றன. சாமி கும்பிடுகிற மாதிரி தினமும் அதைச் செய்தார்.

முதல் வருஷம் ஆயுத பூசை வந்தது. விடுமுறைக்குப் பாய் மேலப்பாளையம் போய்விட்டார். எங்கள் ஆட்கள் துளை போடுகிற எந்திரத்தைக் கழுவி, திருநீற்றுப் பட்டை அடித்து, சுரங்கத்துக்குள்ளேயே பூசை போட்டார்கள். பூசை என்றால் வாழைமரம் வேண்டும். சேரன்மகாதேவி வயலில் இருந்து தாரோடு இரண்டு மரம் வெட்டி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தோம். பாறையில் மரத்தை எதில் கட்டுவது? சுவரில் எதிரும் புதிருமாக, ஆண்டவனே அடித்துவைத்த மாதிரி இரண்டு கொக்கிகள் இருந்தன. மரங்களை அதில் கட்டி, குறுக்கே மாவிலைத் தோரணத்தையும் விறைப்பாக இழுத்துக் கட்டிவிட்டார்கள். தாரின் கனத்தில் இரண்டும் உள்பக்கம் சாய்ந்து தொங்கின. மூன்றாம் நாள் எல்லாவற்றையும் அவிழ்த்துக் குப்பையில் போட்டாயிற்று.

பாய் திரும்பி வந்து நாடாவை மாட்டினார். இரண்டு சுவரும் கிட்டத்தில் வந்திருந்தன. அவ்வளவுதான். எல்லாரையும் வெளியே கூப்பிடுகிற ஆபத்து மணியை அடித்தார். சுரங்கத்தின் உள்கோடியில், பாறையை வெட்டுகிற முகப்பில் இருந்த எங்கள் எல்லாரையும் விரட்டி வெளியே கொண்டுவந்தார். கீழே போன் பறந்தது. பெரிய பெரிய அதிகாரிகள் ஜீப்பில் மலை ஏறினார்கள். அப்புறம்தான் ஒருவர் டார்ச் அடித்துக் கொக்கியைப் பார்த்தார். உள்பக்கம் வளைந்திருந்தது, சுவர் அசையவே இல்லை. அதில் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தது. வாழைநார் கூட ஒட்டிக்கொண்டிருந்தது.

அந்தச் சிரிப்பு பாபநாசம் வரைக்கும் கேட்டிருக்கும். நானும் சிரித்தேன், ஏன் சிரிக்க மாட்டேன்? ஒப்பந்தக்காரரின் மேலாளர் மட்டும் சிரிக்கவில்லை. முதலில் கொக்கியைப் பார்த்துவிட்டு அப்புறம் மணி அடித்தால் என்ன என்று எல்லார் முன்னாலும் கேட்டார். பாய் முகம் சிவந்து நின்றார். பிறகு, "இல்ல சார். மொதல்ல ஆளு, அப்புறம் கொக்கி" என்றார். அன்றிலிருந்து அவர் வாழைமர பாய்.

அடுத்த பூசைக்கு முன்னால் பாயே கொக்கிக்குத் தள்ளி இரண்டு பெரிய ஆணியை அடித்து, வெள்ளை பூசி, வாழைமரத்துக்கு இது, கொக்கியைத் தொடாதீர்கள் என்று துளைபோடும் இசக்கிமுத்துவைக் கூப்பிட்டுக் காட்டினார். பொரிகடலை மிச்சம் வைத்திருங்கள் என்றும் சொன்னார். விடுமுறைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்து அந்தப் பொரிகடலையைத் தின்றுகொண்டேதான் நாடாவை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

இந்த முறையும் அளவு குறைந்திருந்தது, ஆனால் பூசை போட்ட இடத்தில் இல்லை. அதையும் தாண்டி, முகப்புக்குப் போகிற வழியில், நொறுங்கிய பட்டை ஒன்று குறுக்கிட்ட இடத்தில். நாங்கள் அதைத் தாண்டிப் போயிருந்தோம். ஒரு சத்தமும் இல்லை. ஒரு சில்லு விழவில்லை. நானும் இசக்கியும் இன்னும் ஒரு கும்பல் ஆட்களும் அதற்கு அந்தப் பக்கம் முகப்பில் துளை போட்டுக்கொண்டிருந்தோம். அந்த இடம் உட்கார்ந்தால் நாங்கள் வர வேறு வழி இல்லை.

மணி அடித்தது. எனக்கு வந்த கோபம் கொஞ்சமில்லை. பாதித் துளையில் விட்டுவிட்டு எவன் வருவான்? ஆட்களும் எந்திரத்தை நிறுத்தாமல் என் முகத்தைப் பார்த்தார்கள். புலி வருது கதையாகிப் போயிருந்தது, வேறென்ன. நான் மட்டும் நடந்து வந்தேன். கல் அள்ளும் வண்டி போகிற தண்டவாளத்தில் பாய் குறுக்கே நின்றுகொண்டிருந்தார். வண்டி அவர் முன்னால் நின்றிருந்தது. சுவரில் இருந்த போனில் மேலாளர் கத்துவது எனக்கே கேட்டது. பாய் அதை என் காதிலும் படும்படி பிடித்தார். கொக்கியைப் பார்த்தீரா என்று கேட்டார் மேலாளர். இன்னும் இல்லை என்றார் பாய். மறுபடியும் வாழைமரமா என்றார் அவர்.

"வாழைமரம்னே வச்சுக்கிடுங்க சார். எனக்கு ஆளுக வெளிய வரணும்."

 இதைச் சொல்லும்போது அவர் எதைப் பணயம் வைத்தார் என்று எனக்குத் தெரியும். இரண்டாவது முறையும் தப்பாகிப் போனால் அவரை யாரும் வேலையில் வைத்திருக்க மாட்டார்கள். அதைவிட, அதற்கப்புறம் அந்த மணிக்கு மதிப்பே இருக்காது. யார் அடித்தாலும் எவனும் வெளியே வர மாட்டான். ஒரு எட்டு வைத்து டார்ச் அடித்தால் கொக்கி நேராக இருக்கிறதா என்று தெரிந்துவிடும். அந்த ஒரு எட்டை அவர் வைக்கவில்லை. தண்டவாளத்தை விட்டு அசையவும் இல்லை. என்னைப் பார்த்து, "கூட்டிக்கிட்டு வாரும் வே" என்றார். நான் போய்க் கூட்டிக்கொண்டு வந்தேன். வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தோம்.

வாசலில் வழக்கம்போலக் கேட்டார். எல்லாரும் வெளியே வந்தாச்சா என்று. வந்தாச்சு என்றேன், வெறுப்பாக.

அதற்குப் பிறகுதான் உள்ளே போய்க் கொக்கியைப் பார்த்தார்கள். நேராக இருந்தது. குங்குமம் இல்லை. நகர்ந்தது சுவர்தான். மறுநாள் அளவு இன்னும் குறைந்தது. இரும்பு வளைவுகளைக் கொண்டுபோய் நெருக்கமாக நிறுத்தி, சிமென்ட் பீய்ச்சி அடைத்தார்கள். அதற்குள் வாரக்கணக்கில் வேலை நின்றது. நகர்வு மெல்லக் குறைந்து, ஒருநாள் நின்றுவிட்டது. ஒன்றும் விழவில்லை.

பாய்க்கு வந்த கஷ்டமே அங்கேதான். ஒன்றும் விழவில்லை. விழுந்திருந்தால் அவரைத் தோளில் தூக்கியிருப்பார்கள். மேலாளர் வேறு மாதிரிச் சொன்னார். பாறை கொஞ்சம் அசையும், தானாக நிற்கும், இந்த ஆள் பயந்து எல்லாவற்றையும் கெடுத்துவிட்டார் என்றார். அதைப் பொய் என்றும் சொல்ல முடியாது, சில பாறை அப்படி நின்றுவிடுவதும் உண்டு. கொஞ்ச நாளில் பாயை ராதாபுரம் பக்கம் சிமென்ட் மூட்டை அடுக்கிவைக்கிற ஒரு கிட்டங்கிக்கு மாற்றினார்கள். பனைமரத்தைத் தவிரப் பார்க்க ஒன்றும் கிடையாது. சுரங்கம் மறுபக்கம் திறந்துகொண்ட நாளில் எங்களுக்கு மாலை போட்டார்கள். அந்தப் பக்கமிருந்து காற்று வந்து முகத்தில் அடித்தது. பாய் அப்போது ராதாபுரத்தில் மூட்டை எண்ணிக்கொண்டிருந்தார்.

ஒருமுறை அங்கே போய் அவரைப் பார்த்தேன். சுமைதூக்குகிறவர்கள் கிட்டங்கிக்குள் நிழலில் சாப்பிட உட்காரப் போனார்கள். மூட்டை அடுக்கு சாஞ்சிருக்கு, அங்கன உக்காராதிய, வெளிய வேப்பமரத்துக்குப் போங்க என்று அவர்களை எழுப்பிவிட்டார். அவர்கள் முணுமுணுத்துக்கொண்டே எழுந்து போனார்கள். ஓய், உம்மைத் திருத்தவே முடியாதா என்று கேட்டேன். அவர் எனக்குக் குடிக்கக் கலர் வாங்கக் கடைக்கு ஆள் அனுப்பினார்.

அன்றைக்குத்தான் அவரிடம் நேராகக் கேட்டேன். உண்மையைச் சொல்லும், அந்த இடம் விழுந்திருக்குமா?  "தெரியாது வே. தெரிஞ்சிருந்தா ஒம்மகிட்ட பதமா எடுத்துச் சொல்லிருப்பேன். தெரியாததுனாலதான் மணிய அடிச்சேன்." அப்புறம் அதைப் பற்றி எங்களுக்குள் பேச்சே இல்லை.

ஆனால் ஊர் வாய் ஓயவில்லை. அவர் மகள் ஜீனத்தின் கல்யாணத்துக்கு மண்டப வாசலில் வாழைமரம் கட்டியிருந்தார்கள். எங்கள் பழைய ஆள் ஒருவர் உள்ளே நுழையும்போதே, பாய், கொக்கியைப் பாத்தீரா என்றார். எல்லாரும் சிரித்தோம். பாயும் சிரித்தார். மணப்பெண் உடையில் நின்ற ஜீனத் சிரிக்கவில்லை. அதை நான் அன்றைக்குப் பார்த்தேன், இத்தனை காலம் மறந்தும் போனேன்.

இப்போது மேலப்பாளையம் வீட்டில் மையித்தைக் கிடத்தியிருந்தார்கள். முகம் மட்டும் தெரிந்தது. வெள்ளைத் துணி கழுத்து வரை இறுக்கமாகச் சுற்றியிருந்தது. அவர் சட்டைப் பொத்தான் போட்டிருப்பதைப் போலவே எனக்குத் தோன்றியது. பார்த்துவிட்டு வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்த என்னை ஜீனத் உள்ளே கூப்பிட்டனுப்பினாள். அழுது கண் வீங்கியிருந்தது. அவளுக்கும் தலை நரைத்துவிட்டது. பக்கத்தில் பெண்கள் ஓதிக்கொண்டிருந்தார்கள்.

"மாமா, நீங்க அன்னைக்கு உள்ள இருந்தீங்கல்லா. வாப்பா செஞ்சது சரிதானா? அந்த மலை விழுந்திருக்குமா? வாப்பாகிட்ட நான் கேட்டதே இல்ல. கேட்டா மனசு கஷ்டப்படுவாங்கன்னு விட்டுட்டேன்" என்றாள்.

ஆமாம்மா, விழுந்திருக்கும் என்று சொல்லிவிட்டால் என்ன குறைந்துவிடும்? சாவு வீட்டில் யார் கணக்குப் பார்க்கிறார்கள்? ஆனால் அந்த மனிதர் அங்கே கிடக்கிறார். தெரியாததைத் தெரியும் என்று ஒருநாளும் சொல்லாதவர். அவர் பக்கத்தில் நின்று எனக்கு அந்தப் பொய் வரவில்லை.  அதற்குள் மையித்தை எடுத்துப்போகிற சந்தூக்கைத் தூக்க ஆட்கள் வந்துவிட்டார்கள். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பள்ளிவாசலில் தொழுகை முடிந்து, அடக்கம் செய்கிற மையவாடிக்குப் போனோம். நான் பின்னால் மெதுவாக நடந்தேன். கூட்டத்தின் ஓரத்தில் ஒரு கிழவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நடந்தார். முதலில் அடையாளம் தெரியவில்லை. அவர்தான் "சார்" என்றார். இசக்கிமுத்து. பல் எல்லாம் போயிருந்தது. யாரோ சொல்லிக் கேட்டு அம்பாசமுத்திரத்திலிருந்து பஸ் ஏறி வந்ததாகச் சொன்னார். கூட வந்த பேரப்பிள்ளைகளை மையவாடி வாசலில் நிறுத்திவிட்டு வந்திருந்தார்.

குழிக்குள் பாயை இறக்கினார்கள். மேலே மண் விழாமல் இருக்கப் பலகைகளைக் குறுக்கே சாய்த்து வரிசையாக அடுக்கினார்கள். வாழ்நாளெல்லாம் குடைந்த இடத்துக்குக் கூரை போட்டவன் நான், கண் தானாக அதைத்தான் பார்த்தது. பலகையின் இரண்டு முனையும் நன்றாக உட்கார்ந்திருக்கிறதா? ஒன்று லேசாக ஆடியது. நான் வாயைத் திறக்கும் முன்னால் இசக்கி குனிந்து, "அத இன்னும் கொஞ்சம் உள்ள தள்ளுங்க தம்பி" என்றார். தள்ளி வைத்தார்கள். எல்லாரோடும் சேர்ந்து நாங்களும் மூன்று பிடி மண் போட்டோம்.

திரும்பும்போது இசக்கியிடம் ஜீனத் கேட்டதைச் சொன்னேன். எனக்குப் பதில் தெரியவில்லை, நீர் என்ன நினைக்கிறீர், அன்றைக்கு மலை விழுந்திருக்குமா என்று கேட்டேன். அவர் நின்றுவிட்டார். வாசலில் விளையாடிக்கொண்டிருந்த பேரப்பிள்ளைகளைப் பார்த்தார்.

"எனக்கென்ன தெரியும் சார்? அத உள்ள இருந்து பாத்துத் தெரிஞ்சிருந்தா, நான் இங்கன நிக்க மாட்டேம்லா" என்றார்.

கால் வலித்தது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. ஆனாலும் இசக்கியின் கையைப் பிடித்து, பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு மறுபடியும் பாயின் வீட்டுக்குப் போனேன். ஜீனத்தை வாசலுக்குக் கூப்பிட்டு, இவர் அன்றைக்கு உள்ளே இருந்தவர் என்று சொல்லி, அவர் சொன்ன வார்த்தையை அப்படியே அவளிடம் சொன்னேன். அவள் இசக்கியைப் பார்த்தாள். அவர் பின்னால் நின்ற பிள்ளைகளைப் பார்த்தாள். முக்காட்டை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள். பிறகு, பிள்ளைகள் சாப்பிட்டார்களா என்று கேட்டாள்.

பாய், இனிச் சண்டை போட எனக்கு ஆள் இல்லை. உமக்கு நாங்கள் மாலை போடவில்லை, பெயர் வைத்துச் சிரித்தோம். அதையும் பொறுத்துக்கொண்டீர். பலகையெல்லாம் நன்றாக உட்கார்ந்திருக்கிறது, இசக்கி பார்த்துவிட்டார். மையவாடி வாசலில் திரும்பி நின்று, உம் வழக்கப்படி நான் ஒருமுறை எண்ணிப் பார்த்தேன். எப்போதும் கடைசியாக வெளியே வருகிற நீர் மட்டும் இந்த முறை வரவில்லை. நீர் கேட்க மாட்டீர், நானே சொல்கிறேன். எல்லாரும் வெளிய வந்தாச்சு வே. தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டுப் படும்.